‘ப-ட-க’ சொன்னால் போதுமா?

வாசகரே, வினாடி முள் உள்ள கடிகாரம் அருகில் இருந்தால் ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். மூச்சை நன்றாக இழுத்துக்கொண்டு, ‘ப-ட-க, ப-ட-க’ என்று முடிந்தவரை வேகமாகச் சொல்லுங்கள். பக்கவாதம் வந்து நாக்குக் குழறும் நோயாளியிடம் பல நாடுகளில் செய்யப்படும் சோதனைகளுள் இதுவும் ஒன்று. ‘ப’ உதடுகளைச் சோதிக்கிறது, ‘ட’ நாக்கின் நுனியை, ‘க’ நாக்கின் பின்பகுதியை. கருவி எதுவும் வேண்டாம், செலவும் இல்லை. அழகான சோதனை என்பதில் ஐயமில்லை.

ஆனால் நடுவில் நீங்கள் சொன்னது ‘ட’வா, ‘த’வா? ஆங்கிலத்தில் இருந்து வந்த அந்த ஒலி இரண்டுமே அல்ல. ஆங்கிலேயர் நாக்கு நுனியை மேல் ஈறில் ஒற்றுகிறார். நமது ‘த’ பல்லைத் தொடுகிறது. ‘ட’வுக்கோ நாக்கு பின்னோக்கி வளைய வேண்டும். வளைநா ஒலிகள் நம் மொழியில் ஏராளம்: ட, ண, ள, ழ. நோயாளி ‘ப-த-க’ என்று சொல்லித் தேறிவிட்டால், நாக்கை வளைக்கும் திறன் சோதிக்கப்படாமலே போகிறது. தாளில் ‘குறைபாடு இல்லை’ என்று பதிவாகிவிடும்.

இத்தகைய சோதனைத் தாள்களைத்தான் இங்கே விமரிசிக்க விரும்புகிறேன். அவற்றைச் செய்தவர்கள் பெரும் அறிஞர்கள். குறை அவர்களிடம் இல்லை. அவர்கள் தம் மொழிக்குச் செய்ததை நாம் அப்படியே நம் மொழிக்குப் போர்த்துவதில் இருக்கிறது.

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்கிக்கொள்வோம். மூளையில் அடிபட்டவருக்குப் பேச்சு இருவகையாகக் கெடலாம். ஒன்று, சொல் மனத்தில் சரியாகவே இருக்கும். உதடு, நாக்கு, குரல்வளை, அண்ணம் ஆகியவற்றின் தசைகள் சொன்னபடி கேட்கமாட்டா. இதை டிஸார்த்ரியா என்பர். மற்றது, சொல்லே கிடைக்காது, அல்லது வேறு சொல் வந்துவிடும், வாக்கியம் கூடாது, சில வேளைகளில் பிறர் பேச்சும் புரியாது. இது அஃபேசியா. 1861-இல் பாரிசில் புரோக்கா என்னும் மருத்துவர், ‘டான்’ என்ற ஓரசையை மட்டுமே சொல்லிவந்த ஒரு நோயாளியின் மூளையை அவர் இறந்தபின் ஆராய்ந்ததிலிருந்து இந்த ஆராய்ச்சி வேகம் பெற்றது. (இரண்டுக்கும் இடையில் அப்ராக்ஸியா என்ற மூன்றாவது ஒன்றும் உண்டு, இப்போதைக்கு அதை விட்டுவிடுவோம்.) இரண்டு கோளாறுகளுக்கும் பயிற்சி வேறு. குடும்பத்தார் நடந்துகொள்ள வேண்டிய முறையும் வேறு. ஆகவே எது எது என்று பிரித்தறிவதே சோதனையின் முதல் வேலை.

தசைக் கோளாறுகளை வகைப்படுத்திய பெருமை அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையைச் சேர்ந்த டார்லி, ஆரன்சன், பிரவுன் மூவருக்கும் உரியது. 1969-இல் அவர்கள் 212 நோயாளிகளின் பேச்சைப் பதிவு செய்து கேட்டு, 38 இயல்புகளை அளவிட்டார்கள். 1975-இல் வெளியான அவர்களது நூல் இத்துறைக்கு அடிப்படை நூல். அந்த 38 இயல்புகளில் ‘ஏற்ற இறக்கமில்லாத குரல்’, ‘மூக்கொலி மிகுதல்’, ‘ஒலிகள் நீளுதல்’ ஆகியவையும் உண்டு. ஆங்கிலத்தில் இவை பேச்சின் அழகையும் தெளிவையும் கெடுப்பவை. சொல்லை அடியோடு மாற்றுவது அரிது.

ஹாங்காங் ஆராய்ச்சியாளர்களுக்கு இங்கேதான் சிக்கல் வந்தது. அங்கே பேசப்படும் கண்டோனிய மொழியில் குரலின் சுருதியே பொருளைத் தீர்மானிக்கிறது. ‘சி’ என்ற ஓரசையை ஆறு விதமான சுருதியில் சொன்னால் கவிதை, வரலாறு, முயற்சி, காலம், சந்தை, காரியம் என்று ஆறு சொற்கள் கிடைக்கும். அந்த மொழி பேசுபவருக்குக் குரல்வளைத் தசை தளர்ந்தால் என்ன ஆகும்? ‘சந்தை’ என்று சொல்ல நினைத்தவர் வாயில் ‘காலம்’ வரலாம். கேட்பவர், ‘இவருக்குச் சொல்லே மாறிப்போகிறது, அஃபேசியா’ என்று எழுதிவிடக்கூடும். தசையின் பிழை மொழியின் பிழையாக வேடம் போடுகிறது. இதை உணர்ந்த ஹாங்காங் அறிஞர்கள் மூளைவாதத்தால் பேச்சுத் தசை பாதிக்கப்பட்ட கண்டோனியர் சுருதியை எப்படி உச்சரிக்கிறார்கள் என்றே தனியாக ஆராய்ந்தார்கள். 1992-இல் கண்டோனிய மொழிக்கெனத் தனி அஃபேசியா சோதனைத் தொகுப்பும் வெளிவந்தது.

நம்மிடம் சுருதிச் சொற்கள் இல்லை என்று நிம்மதி அடைய வேண்டாம். நமக்கு மாத்திரை இருக்கிறது. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு என்று தொல்காப்பியர் கணக்கிட்டது யாப்புக்கு மட்டும் உரிய கணக்கன்று. பல் – பால், கல் – கால், முடி – மூடி, படு – பாடு – பட்டு: கால அளவு மாறினால் சொல்லே மாறுகிறது. சிறுமூளை பாதிக்கப்பட்டவர்களிடம் இந்தக் கால அளவு குலைவதுண்டு. மேயோ பட்டியலில் ‘ஒலிகள் நீளுதல்’ 38-இல் ஒன்று. தமிழில் அது ஒரு பல்லைப் பாலாக்கிவிடும்.

இது எனக்கு ஏட்டில் தெரிந்ததன்று. தூத்துக்குடிக் கடற்கரையில் இருபது ஆண்டுகளுக்கு மேல் சங்கு குளித்தவர் என் மாமா. பக்கவாதத்திற்குப் பிறகு ஒரு மருத்துவமனையில் அவருக்குச் சோதனை நடந்தபோது நான் உடனிருந்தேன். பல்லின் படத்தைக் காட்டினார்கள். மாமா இழுத்து இழுத்துச் சொன்னது ‘பாலு’ என்று காதில் விழுந்தது. தாளில் ‘தவறான சொல்’ என்று குறி விழுந்தது. அடுத்தடுத்து ஐந்தாறு குறிகள். முடிவில், மொழி மையம் பாதிக்கப்பட்டிருக்கிறது, பேசுவதைப் புரிந்துகொள்வதும் கடினமாக இருக்கலாம் என்றார்கள். சோதித்த பெண்ணைக் குறை சொல்லமாட்டேன். வெளியே நாற்பது பேர் காத்திருந்தார்கள், அவர் தாளில் இருந்தபடி செய்தார். ஆனால் வீட்டில் அன்றிலிருந்து மாமாவிடம் யாரும் எதையும் கேட்பதில்லை. இரண்டு மாதம் கழித்து வள்ளத்தை விற்றார்கள். விலை பேசியது திண்ணையில். அவர் அதே திண்ணையில்தான் உட்கார்ந்திருந்தார்.

பின்னர் அவர் பேச்சைக் கைப்பேசியில் பதிவு செய்து, ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தார் இலவசமாகத் தரும் ‘பிராட்’ என்ற நிரலில் போட்டுப் பார்த்தேன். அலைவடிவம் பொய் சொல்லாது. குறிலும் நெடிலும் ஏறத்தாழ ஒரே நீளத்தில் கிடந்தன. ஒலி ஒவ்வொன்றும் உரிய இடத்தில் இருந்தது. காலம் மட்டும் குலைந்திருந்தது. கேட்ட கேள்விக்கெல்லாம் தலையசைப்பில் சரியாக விடை தந்தார். சொல் அவரிடம் இருந்தது, சொல்லும் நேரம்தான் இல்லை.

அந்தத் தாளில் இன்னொரு குறையும் இருந்தது. அது எழுத்துத் தமிழில் அமைந்தது. பேச்சில் நாம் பல், பால் என்பதில்லை. ‘பல்லு’, ‘பாலு’ என்கிறோம். ஒன்றில் லகரம் இரட்டிக்கிறது, மற்றதில் இல்லை. ஆகவே பேச்சு வழக்கில் இரு சொற்களுக்கும் வேறுபாடு இரண்டு இடங்களில் இருக்கிறது; எழுத்து வழக்கில் ஒரே இடத்தில். நோயாளி ஏட்டுத் தமிழுக்கு முயலும்போது பேச்சு தரும் ஊன்றுகோலை இழக்கிறார்.

மூக்கொலியையும் பாருங்கள். மெல்லண்ணம் ஒரு வால்வு போன்றது. அது தளர்ந்தால் வாயறையோடு மூக்கறையும் சேர்ந்து ஒத்ததிர்கிறது. ஒத்ததிர்வுக் குழாயை வகுப்பில் கையாண்ட மாணவருக்கு இது விளங்கும். ஆங்கிலத்தில் இதனால் பேச்சு ‘மூக்கால் பேசுவதாக’ ஒலிக்கும், அவ்வளவே. நம் பேச்சில் ‘வந்தாள்’ என்பது ‘வந்தா’ ஆகிறது. ‘வந்தான்’ என்பதும் அதேதான், முடிவில் மூக்கொலி மட்டும் கூடுதல். அண்ணம் தளர்ந்தவருக்கு அவளும் அவனும் ஒன்றாகிவிடுவார்கள். சோதிப்பவர் ‘பால் விகுதிப் பிழை, இலக்கணம் சிதைந்துள்ளது’ என்று எழுதினால் அது யார் பிழை?

இலக்கணச் சிதைவு என்பதே மொழிக்கு மொழி வேறு முகம் காட்டும். ஆங்கிலம் பேசும் புரோக்கா நோயாளி விகுதிகளை விட்டுவிட்டுத் தந்தி நடையில் பேசுவார். ஹீப்ரு மொழியில் வெறும் வேரை உச்சரிக்கவே முடியாது. அங்கே நோயாளி விகுதியை விடுவதில்லை, ஒன்றுக்குப் பதில் வேறொன்றைப் போடுகிறார் என்று 1984-இல் கிரொட்ஸின்ஸ்கி சுட்டிக்காட்டினார். தமிழில் ‘கொடுத்தேன்’ என்பதில் விகுதியை விட்டால் மிஞ்சுவது ‘கொடு’. அது கட்டளை! மென், ஆப்லர் என்ற இருவர் 1990-இல் தொகுத்த பெருநூலில் இத்தகைய நோயாளிகளின் பேச்சு 14 மொழிகளில் இருந்து தரப்பட்டிருக்கிறது. இந்தி உண்டு, ஜப்பானியம் உண்டு, ஐஸ்லாந்து மொழியும் உண்டு. திராவிட மொழி ஒன்றுகூட இல்லை.

படங்களின் கதை தனி. 1972-இல் வெளிவந்த பாஸ்டன் சோதனையின் புகழ்பெற்ற படத்தில் ஒரு பெண் தட்டுத் துடைத்துக்கொண்டு நிற்கிறாள். கழுவுதொட்டி நிரம்பித் தண்ணீர் வழிகிறது. சாயும் முக்காலிமேல் ஏறி ஒரு பையன் பிஸ்கட் ஜாடியைத் தொடுகிறான். இந்த மாதிரிப் படம் ஒன்றை மாமாவிடமும் காட்டினார்கள். ‘தண்ணி வழியுது, அவ பாட்டுக்கு நிக்கா’ என்று குழறியபடி சொன்னார். மிகச் சரியான விமரிசனம் என்பேன். மதிப்பெண் அரைதான் கிடைத்தது. அதே பாஸ்டன் குழுவினர் 1983-இல் வெளியிட்ட பெயரிடு சோதனையின் 60 படங்களில் பீவர் என்ற விலங்கும் எஸ்கிமோவரின் பனிக்குடிசையும் உண்டு. வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று காற்றையும், தொலாயிரம் பார் என்று முத்துச் சிப்பித் திட்டையும் பெயர் சொல்லி அறிந்தவரிடம் பீவரைக் கேட்டு என்ன பயன்?

இதற்கு மாறாக, உடல்நலத்தோடு இருப்பவரையே நோயாளி ஆக்கும் ஆபத்தும் உண்டு. எங்கள் கரையில் ‘வாளப்பளம்’ என்பதே இயல்பு. ழகரம் வரவில்லை என்று குறி போட்டால் தூத்துக்குடியில் பாதிப்பேர் சிகிச்சைக்கு வர வேண்டியிருக்கும்.

வழி இல்லாமலில்லை. 1965-இல் மைசூரில் தொடங்கப்பட்ட அகில இந்தியப் பேச்சு, செவிப்புல நிறுவனம் பல தலைமுறை வல்லுநர்களை உருவாக்கியிருக்கிறது. பிரதிபா கரந்த் கன்னடத்திற்கென, அம்மொழியின் அமைப்பிலிருந்தே மொழித்திறன் சோதனை ஒன்றை உருவாக்கினார். தமிழிலும் சோதனைகள் இல்லாமல் இல்லை. அவற்றில் மொழிபெயர்ப்பு எவ்வளவு, தமிழ் எவ்வளவு என்பதே என் கேள்வி.

இந்தக் கரைக்கே அதில் ஒரு முன்னோடி உண்டு. 1549 அளவில் புன்னைக்காயலில் இருந்த போர்த்துக்கீசியப் பாதிரியார் என்றீக்கே என்றீக்கசு தமிழுக்கு ஓர் இலக்கணம் எழுதினார். சட்டகம் இலத்தீனுடையதுதான், ஆனால் அதற்குள் அவர் நிரப்பியது முத்துக்குளித்துறைப் பரதவர் வாயில் கேட்ட பேச்சை. அவர் புலவரைத் தேடிப் போகவில்லை, கரைக்குப் போனார்.

உங்கள் வீட்டில் யாருக்கேனும் பக்கவாதத்தால் பேச்சுக் குழறினால், சோதனைக்குப் போகும்போது அவரது பழைய குரல்பதிவு ஏதாவது இருந்தால் எடுத்துச் செல்லுங்கள். திருமண வீடியோவில் நாலு வார்த்தை இருந்தாலும் போதும். முன்பு அவர் எப்படிப் பேசினார், எந்த ஊர்ப் பேச்சு, ழகரம் வருமா வராதா என்பதைச் சொல்லுங்கள். பல்லு – பாலு, கல்லு – காலு என்ற இரட்டைகளைத் தனித்தனியே சொல்லச் செய்து பாருங்கள். சொல்வதில் தவறினாலும், நீங்கள் சொல்லும்போது சரியான படத்தைத் தொட்டுக் காட்டுகிறாரா என்று கவனித்து அதையும் மருத்துவரிடம் தெரிவியுங்கள்.