கனமான பூ அச்சு

அச்சு முறுக்கு சுட நல்ல அச்சு வேண்டும். நெரவியில் இருப்பவர் அதற்குக் காரைக்கால் பாத்திரக் கடைகளில் ஏறி இறங்கலாம். கிடைப்பது பெரும்பாலும் லேசான அலுமினியம். எனக்குப் பிடித்தது கையில் கனக்கும் பழைய பித்தளை அச்சுதான். அதைப் பரணில் வைத்திருக்கும் அத்தையிடம் நல்ல பெயர் எடுத்துவிடுவது கடை தேடுவதைவிட எளிது.

கனத்தில்தான் விஷயம். கனமான உலோகம் சூட்டைப் பிடித்து வைக்கும். எண்ணெயில் காய்ந்த அச்சை அரிசி மாவும் தேங்காய்ப்பாலும் கலந்த கரைசலில் முக்கியதும் சுர்ரென்று ஒட்டும். சூடு குறைந்தால் மாவு பிடிக்காது, மிஞ்சினால் வழுக்கிவிடும். விளிம்புக்குச் சற்றுக் கீழே வரைதான் முக்க வேண்டும். மேலே மூடிவிட்டால் பூ அச்சை விட்டுக் கழன்று வராது. புது அச்சை முதலில் எண்ணெயில் காய்ச்சிப் பழக்கவேண்டும். சோப்புப் போட்டுத் தேய்ப்பவர்களிடம் அதை இரவல் கொடுக்காதீர்கள்!

இலங்கையில் இதே பூ கொக்கிஸ்; ஆங்கிலோ இந்தியர் வீட்டுக் கிறிஸ்துமஸில் ரோஸ் குக்கீஸ். நார்வே, சுவீடனிலும் இதே மாதிரி நீண்ட பிடி வைத்த இரும்பு அச்சு உண்டு. முறுக்கை விட்டுக் கேக் பக்கம் போய், நடுவில் குழாய் வைத்த பண்ட் கேக் தட்டு வேண்டுமென்றால் இணையத்தில் வாங்கிக்கொள்ளலாம். 1950இல் அமெரிக்காவின் மினியாபொலிஸ் பக்கம் வார்க்கத் தொடங்கியது அது. அதிலும் கனமானதையே பாருங்கள்.