மூன்று நாள் தீட்டும் முப்பது நாள் தீட்டும்

எம்.ஏ. தமிழ் படித்தபோது புறநானூறு 299 பாடமாக வந்தது. பொன்முடியார் பாட்டு. உளுந்துச் சக்கை தின்ற சீறூர் மன்னனின் குதிரை பகைப்படையைப் பிளந்துகொண்டு பாய்கிறது. நெய்ச்சோறு தின்ற பெருவேந்தனின் குதிரைகள் ஒதுங்கி நிற்கின்றன. எப்படி? முருகன் கோட்டத்தில் பாத்திரம் தொடக்கூடாத பெண்களைப் போல. மாதவிலக்கான பெண்கள் என்பது உரை. 'தமிழரின் தூய்மை உணர்வு' என்று சொல்லிவிட்டு ஆசிரியர் அடுத்த பாட்டுக்குப் போய்விட்டார்.

என்னால் போக முடியவில்லை. எங்கம்மா நடவுக்குப் போகிறவள். மாதவிலக்கு என்று ஒருநாள்கூட நின்றதில்லை. "தூரம்னு ஒக்காந்தா கூலிய ஆரு குடுப்பா?" என்பாள். பழஞ்சேலைக் கிழிசலை வைத்துக்கொண்டு முழங்கால் சேற்றில் நிற்பாள். துணி மாற்ற வரப்பில் மறைவு கிடையாது. அலசிய துணியை நாலுபேர் பார்க்கக் காயப்போட வெட்கப்பட்டுக் கூரை எரவாணத்தில் செருகிவைப்பாள். பாதி ஈரத்தோடு அதையே மறுபடி எடுப்பாள்.

அவள் நட்ட நெல் ஆண்டை வீட்டுக்குப் போனது. சாமிக்குப் பொங்கலாகவும் ஆனது. அந்த நெல்லில் தீட்டு ஒட்டவில்லை. அந்த வீட்டு அம்மா மாதவிலக்கானால் மூன்று நாள் கொல்லைப்புறத்தில் ஒதுங்கியிருப்பார். எங்கம்மா கூலி வாங்க வருஷம் முழுக்க நிற்பதும் அதே கொல்லைப்புறம்தான். "அந்தம்மாவுக்கு மூணு நாளு, நமக்கு முப்பது நாளு" என்று ஒருமுறை சொன்னாள். நான் படித்த எந்த உரையிலும் இது இல்லை.

வேலை வாங்குகிற இடத்தில் தீட்டு மறைந்துவிடுகிறது. சமமாக உட்காரப்போனால் வந்துவிடுகிறது. 2025 ஏப்ரலில் கோவை மாவட்டத்தில் ஒரு தனியார் பள்ளி. எட்டாம் வகுப்புத் தலித் மாணவி பூப்பெய்திய நாட்களில் வகுப்புக்கு வெளியே படியில் உட்கார்ந்து தேர்வு எழுதினாள். முருகன் கோட்டத்தில் ஒதுங்கிய பெண்ணைக் கடந்த காலம் என்று எப்படிச் சொல்வது?

இதைத் தொடாமல் 'சுத்தம், சுகாதாரம்' என்று மட்டும் பேசுகிற சொல்லாடலில் எனக்கு உடன்பாடில்லை. 'பேட்மேன்' (2018) இந்திப் படம் கோவை அருணாசலம் முருகானந்தத்தின் வாழ்க்கையை வைத்து எடுக்கப்பட்டது. மலிவான நாப்கினுக்கு அவர் இயந்திரம் செய்தது பெரிய காரியம்தான். ஆராய்ச்சிக்காகப் பயன்படுத்திய நாப்கின்களைச் சேகரித்தார் என்பதை வியந்து சொல்கிறோம். அதே நாப்கினைக் குப்பையிலிருந்து தினமும் வெறுங்கையால் பிரிக்கிற தூய்மைப் பணியாளரை யார் வியந்தார்கள்? அவர் என்ன சாதி என்று யார் கேட்டார்கள்?

நம்மையும் கேட்டுக்கொள்ள வேண்டும். நம் தீட்டுத்துணியை வெளுத்தவர்கள் புதிரை வண்ணார். இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' (1994) அப்படி ஒரு குடும்பத்தின் கதை. அதற்குத் தலித் விமர்சனத்திலேயே எதிர்ப்பு வந்தது. மேலே இருப்பவன் நம்மீது சுமத்திய தீட்டை நாம் இன்னொருத்தி தலையில் மூட்டையாக ஏற்றினோம். இதை ஒப்புக்கொள்ளாமல் தீட்டு ஒழிப்பு பேச நமக்கு யோக்கியதை இல்லை.

தமிழக அரசின் புதுயுகம் திட்டம் 2012ல் கிராமங்களில் தொடங்கியது. 10 முதல் 19 வயதுவரை, 2 மாதத்துக்கு 3 பொட்டலம், பொட்டலத்துக்கு 6. மாதத்துக்கு 9 நாப்கின் வருகிறது. பள்ளிப் பிள்ளைகளுக்கு இது உதவி. 19 தாண்டி நடவுக்குப் போகிறவளுக்கு? சேரியில் தண்ணீரும் கதவுள்ள கக்கூஸும் இல்லாவிட்டால் அந்த 9ஐயும் எங்கே மாற்றுவது, எங்கே போடுவது?

தோழர்களே, இனி விழிப்புணர்வுக் கூட்டம் போட்டால் ஊர்ச் சாவடியில் போடாதீர்கள். நடவு நடக்கிற வரப்புக்கு வாருங்கள். நாப்கினோடு, விலக்கு நாளுக்குச் சம்பளத்தோடு ஓய்வு என்ற கோரிக்கையையும் கொண்டுவாருங்கள். எங்கம்மா ஐம்பது வயதுவரை கேட்காமல் விட்டது அதைத்தான்.