இல்லாத அட்ரிபியூட்டிடம் ஒரு கேள்வி

எக்ஸ்எஸ்எல்டி எழுதுபவர்கள் அதன் வளவளப்பைத்தான் குறை சொல்வார்கள். ஒரு சின்ன ‘இஃப்’ போடவே மூன்று வரி. நியாயமான குறைதான். ஆனால் அந்த இஃப்பின் டெஸ்ட்டுக்குள் உட்கார்ந்திருக்கும் எக்ஸ்பாத் இருக்கிறதே, அது வேறு ரகம். எண்ணிப் பேசும்.

ஒரு புத்தகக் கடைப் பட்டியல். எக்ஸ்எம்எல்லில் தமிழிலேயே பெயர் வைக்கலாம் என்பதால் ‘நூல்’ என்றொரு எலிமென்ட், அதற்கு ‘இருப்பு’ என்றோர் அட்ரிபியூட். முதல் நூலில் இருப்பு="உண்டு". இரண்டாவதில் இருப்பு="இல்லை". மூன்றாவதில் அந்த அட்ரிபியூட்டையே யாரும் எழுதவில்லை. தீர்ந்துபோனதை விட்டு மற்றவை வேண்டும்.

கை பழக்கத்தில் எழுதுவது இது: @இருப்பு != 'இல்லை'. முதல் நூல் மட்டும்தான் வரும். நாட்(@இருப்பு = 'இல்லை') என்று எழுதிப் பாருங்கள், மூன்றாவதும் வந்துவிடும்.

1999 நவம்பரில் வெளியான எக்ஸ்பாத் 1.0 வகுத்த விதி இது. @இருப்பு என்பது அதற்கு ஒரு மதிப்பு அல்ல, ஒரு தொகுப்பு. ‘இந்தத் தொகுப்பில் மாறுபட்டது ஒன்றாவது உண்டா?’ என்றே != கேட்கிறது. வெறும் தொகுப்பில் ஒத்ததும் கிடையாது, மாறுபட்டதும் கிடையாது. ஆகவே மூன்றாவது நூலுக்கு =, != இரண்டுமே பொய். இதே விதியை எலிமென்ட் பக்கம் திருப்பினால் இன்னும் ருசி: இரண்டு ஆசிரியர்கள் எழுதிய நூலில், ஒருவர் பெயரைக் கொடுத்துக் கேட்டால் இரண்டுமே மெய்! அட்ரிபியூட் ஒரே பெயரில் ஒன்றுக்கு மேல் வராது. அதனால் அங்கே அந்தக் கூத்து இல்லை.

மேற்கோள் குறியை விட்டுவிட்டால்? @இருப்பு = இல்லை என்பதும் பிழையற்ற வாக்கியமே. ‘இல்லை’ என்ற பெயரில் பிள்ளை எலிமென்ட் ஒன்றைத் தேடும், கிடைக்காது, பொய் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடும். எர்ரர் ஒன்றும் வராது. வெறும் @இருப்பு என்று மட்டும் போட்டால் அட்ரிபியூட் எழுதியிருக்கிறதா என்று மட்டுமே பார்க்கும். உள்ளே "இல்லை" என்றிருந்தாலும், காலியாகவே இருந்தாலும், விடை மெய்தான்.

உங்கள் இஃப் மக்கர் செய்தால், அட்ரிபியூட்டே இல்லாத ஒரு நூலை வைத்து முதலில் ஓட்டிப் பாருங்கள்.