தேறியது யார்?

மருத்துவ விடுப்பில் போன அரசு ஊழியர் திரும்ப வேலையில் சேர, தகுதிச் சான்று கொடுத்தாக வேண்டும். அரைப் பக்கத் தாள். இன்னார் பணியில் சேரத் தகுதியானவர் என்று டாக்டர் கையெழுத்துப் போடுவார். இலக்கியம் பேசுகிற இடத்தில் இதை ஏன் இழுக்கிறான் என்று கேட்பீர்கள். இதுவும் ஒரு பிரதிதான். இதன் மௌனத்தையும் படிக்க வேண்டும்.

இந்தத் தாளைப் பொறுத்தவரை நோய் ஆளுக்குள் இருக்கிறது. மாத்திரை தின்றான், தூங்கினான், தேறினான். அவனை நோயில் தள்ளிய அலுவலகம் தேறியதா என்று கேட்க அதில் ஒரு வரிகூட இல்லை. மனச்சோர்வுக்கு வைத்தியம் பார்த்து நான் திரும்பிய அன்று, என் மேசை பழைய கோப்புகள் கிடக்கும் மூலைக்குப் போயிருந்தது. "என்னப்பா, ரெஸ்டெல்லாம் நல்லா எடுத்தியா?" என்றார் அதிகாரி. பின்னாலிருந்து ஒரு குரல்: "கோட்டாவுல வந்தா இப்படித்தான், வேலை தாங்காது." விடுப்புக்கு முன்னால் மாதக்கணக்கில் கேட்ட அதே குரல். சீக்கைக் கொடுத்த இடத்திடமே ஆளைத் திருப்பி ஒப்படைக்கிறது சான்று.

நம் எழுத்து இதை எப்படிப் பார்த்திருக்கிறது? கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்துவிட்டு 1917இல் பரோடா வேலைக்குப் போன அம்பேத்கருக்குத் தங்க இடமில்லை. பார்சி விடுதியில் வேறு பெயரில் தங்கினார். 11ஆம் நாள் தடியோடு வந்து விரட்டினார்கள். பரோடாவை விட்டே கிளம்பினார். 'விசாவுக்காகக் காத்திருத்தல்' அதைச் சொல்கிறது. பாமாவின் 'கருக்கு' (1992) கன்னியர் மடத்தைவிட்டு வெளியே வந்தவரின் எழுத்து. இரண்டிலும் வெளியேறுதல்தான் நிறுவனத்தின் முகத்தைக் காட்டிக்கொடுக்கிறது.

திரும்பிப் போகிறவன் கதை? அவன் சம்பளத்தை நம்பி ஒரு வீடே இருக்கிறது. வெளியேற முடியாது. நான் படித்தவரை, நம் தன்வரலாறுகள் இந்த இடத்தில் தயங்குகின்றன. "வேலை கெடச்சதே பெரும்பாடு. மனசு சரியில்லன்னு சொல்லி அவனுக வாயில விழணுமா?" என்றார் என் அம்மா. அந்தப் பயம் நியாயமானது. ஆனால் எழுந்து நிற்பவனை மட்டுமே எழுத வேண்டும் என்ற நம் இயக்க அழகியலுக்கும் இந்த மௌனத்தில் பங்குண்டு. மேடையில் அதைப் பேசியவர்களில் நானும் ஒருவன்.

2016இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் மனநோயையும் பட்டியலில் சேர்த்திருக்கிறது. பணிக்காலத்தில் மாற்றுத்திறனாளியான ஊழியரை அரசு நிறுவனம் நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது என்கிறது. நல்லது. ஆனால் மூலைக்குத் தள்ளப்பட்ட மேசை, சிரிப்பு, ஜாடைப் பேச்சு இவையெல்லாம் எந்தக் கோப்பிலும் ஏறாது. அவற்றைப் பதிவுசெய்ய நம் எழுத்துதான் இருக்கிறது. அது சோர்ந்தவனையும் எழுத வேண்டும், அவனைச் சோர வைத்த சாதியையும் பெயர் சொல்லி எழுத வேண்டும்.

விடுப்பில் இருந்தபோது விசாரித்த தோழர்களிடம் மஞ்சள் காமாலை என்று சொல்லியிருந்தேன். அது மஞ்சள் காமாலை இல்லை.