சிக்குவது எங்கே? ஃப்ளட்டரின் பெர்ஃபார்மன்ஸ் ஓவர்லே – பயன்படுத்திப் பார்த்த அனுபவம்

டெஸ்க்டாப் செயலி ஒன்று 'லேக் அடிக்குது' என்று புகார் வந்தால், பலரும் முதலில் திறப்பது டாஸ்க் மேனேஜரைத்தான். அதில் சிபியு எத்தனை சதவீதம் என்பது தெரியும். திரை ஏன் சிக்குகிறது என்பது தெரியாது. அதைக் கண்டுபிடிக்க, செயலியின் திரை மேலேயே அளவுகளை வரைந்து காட்டும் வசதிகள் உண்டு. ஃப்ளட்டர் என்ற செயலி உருவாக்கும் கருவித்தொகுப்பில் அதன் பெயர் பெர்ஃபார்மன்ஸ் ஓவர்லே. ஃப்ளட்டரின் விண்டோஸ் ஆதரவு 2022 பிப்ரவரியில் நிலையான பதிப்புக்கு வந்தது முதல், கைபேசிச் செயலி எழுதியவர்கள் பலர் கடைகளுக்கான மேசைக்கணினிச் செயலிகளையும் இதிலேயே எழுதுகிறார்கள்.

சோதித்துப் பார்த்தது மாமல்லபுரம் சிற்பக்கூடம் ஒன்றுக்காக எழுதப்பட்ட பட்டியல் செயலியில். சிலையின் படம், உயரம், எடை, கல் வகை, விலை எல்லாம் கட்டம் கட்டமாக வரும். வெளியூர் வாடிக்கையாளருக்குப் படம் காட்டித்தான் பேச்சே தொடங்குகிறது. படம் சிக்கினால் வியாபாரமும் சிக்கும்.

ஓவர்லேயை இயக்குவது எளிது. டெர்மினலில் செயலி ஓடும்போது பெரிய எழுத்து 'பி'யைத் தட்டினால் போதும். திரையின் மேற்பகுதியில் இரண்டு வரைபடங்கள் வந்துவிடும். மேலே இருப்பது ராஸ்டர் த்ரெட், கீழே இருப்பது யுஐ த்ரெட். சிற்பக்கூடத்தில் ஸ்தபதி கல்லில் காவியால் கோடு போட்டுத் தர, உளிக்காரர் அதைச் செதுக்குவதுபோல, யுஐ த்ரெட் எதை எங்கே வரைய வேண்டும் என்று குறித்துத் தருகிறது. ராஸ்டர் த்ரெட் அதைப் புள்ளிகளாக்கித் திரைக்கு அனுப்புகிறது. தாமதம் யாரால் என்பதைப் பிரித்துச் சொல்வதுதான் இந்தக் கருவியின் உயிர்.

60 ஹெர்ட்ஸ் திரையில் ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் கிடைக்கும் நேரம் சுமார் 16 மில்லி விநாடி. வரைபடத்தின் குறுக்கே ஓடும் வெள்ளைக் கோடு அந்த எல்லை. பச்சைக் குச்சி நடப்பு ஃப்ரேமைக் குறிக்கும். எல்லை தாண்டினால் சிவப்பாகும். கீழ் வரைபடம் சிவந்தால் டார்ட் மொழியில் நாம் எழுதிய நிரல் அதிக வேலை செய்கிறது என்று பொருள்: பில்டு செயல்பாட்டுக்குள் கோப்பைப் படிப்பது, நூற்றுக்கணக்கான வரிசைகளை ஒரேயடியாக உருவாக்குவது போன்றவை. மேல் வரைபடம் மட்டும் சிவந்தால் நிரல் சரி, வரைய வேண்டிய காட்சிதான் கனம்: நிழல், மங்கல், ஒளிபுகும் அடுக்குகள், தேவைக்கு மிஞ்சிய பெரிய படங்கள். இரண்டும் சிவந்தால் கீழே இருந்து தொடங்க வேண்டும்.

பக்கத்திலேயே சராசரியும் அதிகபட்சமும் மில்லி விநாடியில் ஓடும். கண் வைக்க வேண்டியது அதிகபட்சத்தில். 59 ஃப்ரேம்கள் தலா 10 மில்லி விநாடியிலும் ஒன்று மட்டும் 200 மில்லி விநாடியிலும் முடிந்தால், சராசரி 13தான் வரும். எண் நன்றாக இருக்கும், கண்ணுக்கு மட்டும் ஒரு வெட்டு தெரியும்.

நம் பட்டியல் செயலியில் உருட்டும்போது சிவந்தது மேல் வரைபடம். காரணம் கணக்கிலேயே இருக்கிறது. கைபேசியில் எடுத்த 4000×3000 புள்ளிப் படம் நினைவகத்தில் விரிந்தால் 4 கோடியே 80 லட்சம் பைட். அதைக் காட்டுவதோ 300×225 கட்டத்தில். அதற்கு 2 லட்சத்து 70 ஆயிரம் பைட் போதும். ஃப்ளட்டரின் படச் சேமிப்பு இயல்பாக 100 எம்பிதான். இரண்டு படத்திலேயே நிரம்பிவிடும். மேலே உருட்டினால் பார்த்த படத்தையே மறுபடி விரித்து, அந்தப் பெரிய அளவிலேயே ராஸ்டர் த்ரெட்டுக்குக் கொடுக்க வேண்டும். படத்தை ஏற்றும்போதே கேஷ்விட்த் என்ற அளவைக் கொடுத்து அகலத்தைக் குறைத்ததும் சிவப்பு அடங்கியது.

குறைகளும் உண்டு. படத்தை விரிக்கும் வேலை வேறு த்ரெட்டில் நடப்பதால், கட்டங்கள் வெறுமையாகக் காத்திருக்கும்போதும் இரண்டு வரைபடங்களும் அமைதியாக இருக்கும். நினைவகக் கணக்கும் இதில் கிடையாது. எந்த விட்ஜெட், எந்தச் செயல்பாடு என்று அறிய ஃப்ளட்டரின் டெவ்டூல்ஸ் என்ற தனிக் கருவிக்குத்தான் போக வேண்டும். திரையில் அசைவு இல்லாதபோது வரைபடம் நின்றுவிடும். செயலி தொங்கிவிட்டது என்று பயப்பட வேண்டாம், வரைய எதுவும் இல்லை என்றுதான் பொருள்.

புதியவர்களைப் பெரிதும் குழப்புவது டீபக் மோட். அதில் கூடுதல் சரிபார்ப்புகள் ஓடுவதால் நல்ல நிரலும் சிவப்பாகத் தெரியும். புரொஃபைல் மோடில் ஓட்டி எடுத்த அளவைத்தான் நம்பலாம். அதோடு, வாடிக்கையாளரின் கணினியிலேயே அளப்பது அவசியம். கல்தூசியும் உப்புக்காற்றும் உள்ள இடத்தில் மடிக்கணினியின் விசிறி அடைத்துக்கொண்டால், சூடேறிய சிப் தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். நேரம் போகப்போக இரண்டு வரைபடங்களும் சேர்ந்து உயர்ந்தால், நிரலைச் சந்தேகிக்கும் முன் விசிறியைத் துடைத்துப் பார்க்கலாம்.

மற்ற தளங்களிலும் இதன் உறவுகள் உண்டு. மைக்ரோசாஃப்ட்டின் யுடபிள்யுபி செயலிகளில் ஃப்ரேம் ரேட் கவுண்டர் எண்களை மட்டும் காட்டும், போக்கு தெரியாது. எலக்ட்ரான் போன்ற குரோமியம் சார்ந்தவற்றில், குரோமியத்தின் டெவ்டூல்ஸில் உள்ள ரெண்டரிங் பகுதியில் தவறிய ஃப்ரேம்களோடு கிராஃபிக்ஸ் நினைவகமும் தெரியும். அந்த ஒன்றில் ஃப்ளட்டர் பின்தங்கியே இருக்கிறது.

தீர்ப்பு: நோயை உறுதிசெய்யும் கருவி இது இல்லை, எந்தப் பக்கம் வலி என்று உடனே சொல்லும் கருவி. தனிச் செலவு இல்லை, நிறுவ எதுவும் இல்லை. மாமல்லபுரம் இருக்கும் செங்கல்பட்டு மாவட்டத்துச் சிறு கடைகளுக்குச் செயலி எழுதும் இளைஞர்கள், ஒப்படைக்கும் முன் கடையின் சொந்தக் கணினியில், புரொஃபைல் மோடில், கடையின் சொந்தப் படங்களோடு ஒருமுறை இதை ஓட்டிப் பார்க்க வேண்டும்.