நூலிழையும் உலோகக் கிண்ணமும்

இசை கேட்கும் அறையில் ஒலியைச் சிறப்பிக்கும் என்று இந்நாளில் விற்கப்படும் பொருள்கள் பல. சுவரில் ஒட்டும் சிறு உலோகக் கிண்ணங்கள், ஒலிக்கருவியின்மேல் வைக்கும் பளிங்குக் கற்கள், கம்பிகளைத் தரையினின்று உயர்த்தும் தாங்கிகள் என அவை விரியும். “இத்துணைச் சிறு பொருளால் என்ன ஆகும்?” என நகைப்பாரும் உளர்; “வைத்தபின் கேட்டேன், வேறுபாடு தெரிந்தது” என வியப்பாரும் உளர். இருசாரார் கூற்றும் ஆராய்ச்சி ஆகாது.

சிறுமை ஒன்றே மறுப்பாகாது என்பதற்குத் தம்புராவே சான்று. அதன் குதிரையின்மேல் தந்திக்கு அடியில் செருகப்படும் ஜீவாளி வெறும் நூலிழையே. அதனை எடுத்துவிட்டால் கார்வை குன்றும். உரிய இடத்தில் நகர்த்தி வைத்தால் மீண்டும் பொங்கும். திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி. வி. இராமன் 1921இல் இதனை ஆராய்ந்தார். ஒரு தந்தியை மீட்டும் இடத்தில் எந்த மேற்சுரத்திற்குக் கணு அமைகின்றதோ, அம்மேற்சுரம் ஒலித்தலாகாது என்பது பழைய விதி. தம்புராவிலோ அதுவும் தெளிவாக ஒலிப்பதை அவர் கண்டார். வளைந்த குதிரையும் நூலும் தந்தியின் அசைவை மாற்றுவதே அதற்குக் காரணம். இங்கே காரணமும் உண்டு, விளைவும் உண்டு.

சுவர்க் கிண்ணத்திற்கு இவை உளவா? ரோமானியர் விட்ருவியஸ் அரங்குகளில் வெண்கலக் கலங்களை வைக்குமாறு ஈராயிரம் ஆண்டுகட்கு முன்பே எழுதினார் என்பர் அதனை ஆதரிப்போர். பழமை சான்றாகாது. அமெரிக்கப் பேராசிரியர் சபைன் 1895இல் தொடங்கிய ஆய்வில், எதிர்முழக்கம் ஐந்து நொடிக்கும் மேல் நீண்ட ஒரு விரிவுரைக் கூடத்தில் இருக்கை மெத்தைகளை அடுக்கி அதனைக் குறைத்தார். மெத்தையின் பரப்பு மிகமிக முழக்கம் குறைந்தது. இனி, 4 மீட்டர் நீளமும் 3 மீட்டர் அகலமும் 3 மீட்டர் உயரமும் உடைய அறையின் உட்பரப்பு 66 சதுர மீட்டர். 3 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள கிண்ணங்கள் ஐந்து சேர்ந்தாலும் அதில் ஏறக்குறைய 19,000இல் ஒரு பங்கே ஆகும். அறையின் முழக்கத்தை அவை மாற்றும் என்பது கணக்கிற்கு ஒவ்வாது.

“அளவுகோலுக்கு எட்டாததும் செவிக்கு எட்டும்” என்பது அவர்தம் இறுதி வாதம். நன்று, செவியையே நடுவராகக் கொள்வோம். ஒருவர் திரைமறைவில் கிண்ணங்களை மனம்போனபடி வைத்தும் எடுத்தும் வருக. கேட்பவர் அதனைப் பாராமல், உண்டா இல்லையா என 20 முறை கூறுக. வெறும் ஊகத்தாலும் பத்து விடைகள் சரியாகக்கூடும். பதினைந்தும் அதற்கு மேலும் ஊகத்தால் வாய்ப்பது நூற்றில் இருமுறையே. அவ்வளவு சரியாகக் கூறுவாராயின் பொருளை ஆராயத் தொடங்கலாம். இல்லையேல் கேட்டது ஒலியன்று, விலை கொடுத்தோரின் விருப்பமே.

செர்காம் போன்ற சிற்றூரில் பள்ளி மண்டபத்திற்கு ஒலிபெருக்கி வாங்குவோர்க்கும் இது வேண்டும் அறிவு. வெறுஞ்சுவரில் மோதி ஆசிரியர் சொல் சிதறுமாயின் கனத்த திரையும் துணிப்பலகையும் உதவும். அப்பயனைக் கடிகாரம் கொண்டே அளக்கலாம். மாணவர்க்குக் கற்பிக்கத் தக்கதும் இதுவே: நூலிழையை இகழாமையும் கிண்ணத்தை ஆராயாது ஏலாமையும் ஒரே அறிவின் இரு கூறுகள்.