பரப்பு, தஷத்து

திற்பரப்பில் கோதையாறு கீழே விழுவதற்கு முன் விரிந்து வரும் அந்த அகன்ற பாறையைக் கண்ணாரப் பாருங்கள். பரப்பு. மூலபத்திரியில் இதே சொல் 'தஷத்து'. பகரம் தகரமாயிற்று, ரகரம் ஷகரமாயிற்று. இரட்டித்த பகரம் தகரமாகியும் இரட்டித்தே நிற்கிறது. கடைசி உகரத்தில் யாரும் கை வைக்கவில்லை. எழுத்துகள் மாறியும் சொல்லின் நடை மாறாத அந்த நளினம் என்னைச் சொக்க வைக்கிறது.

மூலபத்திரி பழைய திருவிதாங்கூரின் மறைமொழி. 1956 வரை திற்பரப்பும் அந்த மண்தானே. 1729 முதல் 1758 வரை ஆண்ட மார்த்தாண்ட வர்மாவின் அணுக்கர்கள் இதில் பேசிக்கொண்டதாகச் சொல்வார்கள். காமசூத்திரத்துக்கு யசோதரர் எழுதிய ஜயமங்களா உரை காட்டும் மூலதேவீயம் இதற்கு மூத்த உறவு.

எந்த எழுத்துக்கு எதை ஜோடி சேர்த்திருக்கிறார்கள் என்று பாருங்கள். சகரத்துக்கு டகரம், தகரத்துக்குப் பகரம்: வல்லினம் வல்லினத்தோடு. ஞகரத்துக்கு ணகரம், நகரத்துக்கு மகரம்: மெல்லினம் மெல்லினத்தோடு. ய, ர, ல, வ நான்கும் வடவெழுத்தின் ஶ, ஷ, ஸ, ஹ நான்கோடு வரிசை பிசகாமல் எதிரெதிரே நிற்கின்றன. கண்டபடி கலைத்துப் போட்டிருந்தால் சொல் வாய்க்குள் நுழையாத முள்ளாகியிருக்கும். ஒலியின் இனம் அறிந்து கோத்ததால் 'அம்மா' 'கந்நா' ஆன பிறகும் நாக்கு தடுமாறுவதில்லை. ஏட்டில் எழுதி மறைப்பதற்கு மட்டுமா இது? பேசுவதற்கென்றே இழைத்த மறைமொழி அல்லவா!

இன்னொரு அழகு, பூட்டும் திறவுகோலும் ஒன்றாயிருப்பது. ரோமாபுரியின் ஜூலியஸ் சீசர் எழுத்துகளை மூன்று இடம் தள்ளி எழுதினார். படிப்பவர் மூன்று இடம் பின்னே வர வேண்டும். இங்கே முன்னும் இல்லை, பின்னும் இல்லை. தமிழெழுத்தில் போட்டுப் பாருங்கள்: 'ஆடு' 'காசு' ஆகிறது. 'காசு' என்பதை அதே விதியில் மாற்றுங்கள், 'ஆடு' வந்து நிற்கிறது.

எனக்கு எல்லாவற்றிலும் இனியது அந்த முதல் ஜோடிதான்: அகரமும் ககரமும். உயிரெழுத்துக்கும் ஒரு துணை வேண்டுமே! க, ச, ட, த, ப என்ற ஐந்து வரிசைகளில் முதலாவதின் தலைமகனையே அதற்குத் தாரை வார்த்துவிட்டார்கள். வடவெழுத்து முறையில் அந்த வரிசையில் மிஞ்சிய நான்கு எழுத்துகள் வெளியே துணை தேடாமல் தமக்குள்ளேயே இரண்டிரண்டாகச் சேர்ந்துகொண்டன. அதனால்தான் அங்கே மட்டும் ஙகரம் இனம் மாறிய துணையோடு நிற்கிறது. அந்த ஒரு பிசகையும் நான் அழகென்றே எண்ணுகிறேன். அதை விட்டுக்கொடுத்துத்தானே உயிருக்கு இடம் கிடைத்தது.